சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பது நாக்கினாலா?

"சளி பிடித்தால் நாக்கின் சுவை மொட்டுகள் செத்துவிடும், நாக்கை நன்றாக வழித்தால் ருசி திரும்பும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. சாதாரண சளியில் நாக்கு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அடைபடுவது மூக்கு.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளி போன்றவற்றில் தெரியும் சுவை) என்கிற சில சுவைகள்தான். ரசத்தின் பெருங்காய மணமும் காப்பியின் மணமும், மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே ருசியாக்கி, அது வாயில் இருப்பதாகவே நம்மை உணரவைக்கிறது. நம்பவில்லையா? மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சீரக மிட்டாயை மெல்லுங்கள். வெறும் இனிப்புதான் தெரியும். விரலை எடுங்கள், சீரகம் சட்டென்று வந்துவிடும்! மிளகாய், மிளகின் காரமோ வலியையும் சூட்டையும் உணரும் நரம்பின் வேலை. அதனால்தான் சளியிலும் மிளகு ரசம் உறைக்கிறது.

காதுக்கும் இதில் பங்குண்டு. 2004-இல் மாசிமிலியானோ சாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் இருவரும் நடத்திய ஆய்வில், கடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தோன்றியது.

சரி, நாக்கை வழிப்பதில் தவறில்லை. ஆனால் மூக்கடைப்புக்கு அது மருந்தல்ல. சளி போன பிறகும் வாரக்கணக்கில் மணம் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வீட்டில் கேஸ் கசிவதைக் கவனிக்க மற்றவர்களிடம் சொல்லி வையுங்கள்.