அப்பா மட்டும்தானா?

பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு அப்பாவின் கண்டிப்புக் குறைவே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969-இல் சொன்னது வேறு: குடும்பத்தோடும் சமூகத்தோடும் உள்ள பிணைப்பு தளர்ந்தால்தான் தடம் மாறுவது எளிதாகிறது. அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்புதான் தடுக்கிறது, பிரம்பு அல்ல.

சரி, ஆனால் தப்புச் செய்யும் பெற்றோர் மேல் உள்ள பாசமும் பிள்ளையைத் தடுக்கும் என்றார் அவர். அதை நான் நம்பவில்லை. எங்கள் சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் பையன்கள் பலர் மாமா, சித்தப்பாவிடம்தான் தொழில் பழகுகிறார்கள். கொலுசைப் பற்றவைக்கக் கற்றுத்தந்த மாமாவே சாயங்காலம் முதல் குவார்ட்டரையும் ஊற்றிக்கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். நெருங்கியவர்களிடமிருந்தே குற்றமும் கற்கப்படுகிறது என்று அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாண்ட் ஹிர்ஷிக்கு முன்பே சொல்லிவிட்டார். கட்டுரையாளரோ அப்பாவோடு நிறுத்திக்கொண்டார்.