‘எட்’ எல்லா இடத்திலும் வராது

இறந்தகால ஆங்கில வினைகளை எல்லாம் ‘எட்’ (-ed) என்று முடிக்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளுக்குக் குழப்பமே வராது என்று ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்ய அது உதவலாம், உச்சரிப்புக்குத் தப்பு. walked என்பதை ‘வாக்கெட்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘வாக்ட்’ தான், ஒரே அசை. தனி அசை கூடுவது வான்ட், நீட் மாதிரி ஏற்கெனவே ட் ஒலியில் (t அல்லது d) முடியும் வினைகளுக்கு மட்டும்: வான்டிட், நீடிட். அங்கேயும் ‘எட்’ இல்லை பாருங்கள்.

மற்ற வினைகளில் தொண்டையில் விரல் வைத்துக் கடைசி ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். அதிர்வு இல்லையென்றால் ‘டிக்கெட்’டின் முதல் ஒலி சேரும், அதிர்ந்தால் ‘டாக்டர்’ என்பதன் முதல் ஒலி. ஸ்டாப் முதல் வகை, ப்ளே இரண்டாவது. எழுத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது: லாஃப் என்பது ஜி, ஹெச் எழுத்துகளில் முடிகிறது, காதில் விழுவதோ ஃப். அதனால் ‘லாஃப்ட்’. வகுப்பில் முதலில் அசையை எண்ண வைத்தால் போதும், டிக்கெட்டா டாக்டரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நேக்கிட் (naked), விக்கிட் (wicked) எல்லாம் ட் ஒலி இல்லாமலே தனி அசை பெறுகின்றனவே, எப்படி என்று கேட்பீர்கள். அவை பெயரடைகள், அந்தக் கணக்கே வேறு.