மறுநாள் கால் வலிக்கு லாக்டிக் அமிலமா?
‘ஓடிய மறுநாள் கால் வலிக்க லாக்டிக் அமிலமே காரணம், அமிலப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்’ என்கிறது, விளையாட்டு வழியாக இரசாயனம் கற்பிப்பது பற்றி இங்கே வந்த கட்டுரை. அப்படி நடத்துவது நல்ல யோசனைதான், ஆனால் உதாரணமே தப்பாக இருக்கிறதே! ஓட்டத்தில் உடம்பில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்), ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் படி இறங்கும்போது தொடை பிடிப்பது தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 (பதினாறு வயது) பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இதே தப்பை இரண்டு வருடம் நானும் சொல்லிக்கொடுத்தவன்தான். இப்போது அமிலப் பாடத்துக்கு ரப்பர் பந்தைத்தான் உதாரணமாக எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருடைய பாட்டிமார் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அந்த ரப்பர் பாலில் ரப்பர் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னேற்றத்தைத் தணிக்க, பால் உறைந்துவிடும். “மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில்) அப்படியே விட்டாலும் கட்டிப்பால் ஆகிறதே, ஆசிட் யார் ஊற்றினது?” என்று கேட்டு ஒரு பிள்ளை என்னை மடக்கியது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் என்ற இடத்துக்கு வகுப்பே அப்படித்தான் வந்து சேர்ந்தது. பிறகு கந்தகம், 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட வல்கனைசேஷன், அதாவது ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்குவது. அது இல்லாவிட்டால் நம்ம ஊர் மத்தியான வெயிலில் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் ‘பந்தாட்டம் என்றால் பெண் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்’ என்று எழுதியிருக்கிறார். ஐயா, அந்த மங்குக் கேள்வியைக் கேட்டது ஒரு பெண் பிள்ளை. திடல் பக்கமே போகாதவள்.