பெண் ஃபைட்டர்கள் சாதுவா?

"ஆணைத்தான் சார் தனியா வைக்கணும், பொம்பளை மீனெல்லாம் ஒண்ணா இருக்கும்" என்று சொல்லி, அலங்கார மீன் கடைகளில் ஒன்றரை அடித் தொட்டிக்கு மூன்று பெண் ஃபைட்டர் (பெட்டா) மீன்களைக் கவரில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. பெண் பெட்டாவும் சண்டைக்காரிதான். துடுப்பு குட்டை என்பதால் ஆணைவிட வேகமாக நீந்தும், துரத்தினால் விடாது.

கடைக்காரர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பண்ணையில் அவர் பார்ப்பது அப்படித்தான் இருக்கும். ஆண் குஞ்சுகள் முறைக்கத் தொடங்கியதும் தனித்தனிப் பாட்டிலுக்குப் போய்விடும், பெண்கள் மட்டும் பெரிய தொட்டியில் கூட்டமாகக் கிடக்கும். ஆனால் அவை ஒன்றாகப் பொரிந்து ஒன்றாக வளர்ந்தவை, இளசுகள். கூட்டம் அதிகம் என்பதால் எந்த ஒன்றும் குறிப்பாக அடி வாங்குவதில்லை. அதே கூட்டத்தில் மூன்றை மட்டும் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் போட்டால் கணக்கே மாறிவிடும். ஒன்று தலைவி, ஒன்று அவளுக்கு அடுத்தது, மூன்றாவது நாள் முழுக்க அடி வாங்கும். இரண்டு வைப்பது இன்னும் மோசம். குறைந்தது ஐந்து மீன் இருந்தால்தான் துரத்தல் பங்கு பிரியும்.

இந்த மீனின் சொந்த ஊரான தாய்லாந்தின் சேற்று வயலில், சண்டையில் தோற்ற மீன் புல்லுக்குள் நாலடி நீந்திப் போனால் சண்டை முடிந்தது. தொட்டியில் அந்த நாலடி கிடையாது. அதனால் லிட்டர் கணக்கைவிடத் தரைநீளமும் மறைவும்தான் முக்கியம். 2×1×1 அடித் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 தேறும். ஐந்து மீனுக்கு இதுதான் என் கீழ் எல்லை, அதுவும் அரைமனதோடுதான். 3×1×1 என்றால் 85 லிட்டர். ஆறேழு மீனுக்கு நிம்மதி. உயரமான தொட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள், நீளத்துக்குக் கொடுங்கள்.

செடி விஷயத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பெட்டா மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். அடி வாங்கிய மீன் கல்லுக்கு அடியில் எவ்வளவு நேரம் ஒளிந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும், துரத்துகிறவள் அங்கேயே காத்திருப்பாள். ஆகவே அடியில் பானை ஓடும் சிரட்டையும் வைத்தால் மட்டும் போதாது. தரையிலிருந்து நீர்மட்டம் வரை எழும் வாலிஸ்னேரியா, வேலம்பாசி போன்றவற்றை மூன்று நான்கு திரைகளாக, தொட்டியின் குறுக்கே நடுங்கள். மேலே ஆகாயத்தாமரையோ சால்வினியாவோ மிதக்கட்டும், ஆனால் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். போதுமா என்று பார்க்க ஒரு சோதனை: ஏதாவது ஒரு மீன் நிற்கும் இடத்தை மனதில் வையுங்கள். அங்கிருந்து மற்ற எல்லா மீனும் அதன் கண்ணில் படும் என்றால் செடி போதாது.

தொட்டியை மீன் இல்லாமலேயே 4 முதல் 6 வாரம் ஓட்டி, கழிவிலிருந்து வரும் விஷங்களான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகுதான் மீன். சும்மா தண்ணீரை மட்டும் ஓடவிட்டால் அந்த விஷங்களை மாற்றும் பாக்டீரியா வளராது; தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், நீரோட்டம் பலமாக இருக்கக் கூடாது. 25–28 டிகிரி வெப்பம். சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவையில்லை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். மூடி போட்டே ஆக வேண்டும். துரத்தல் தாங்காமல் குதிக்கிற மீன் காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும்.

வாங்கும்போது ஒரே தொட்டியில் வளர்ந்த, ஒரே அளவு மீன்களைக் கேளுங்கள். வயிற்றுக்கு அடியில் உப்பு போல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். அது முட்டையிடும் குழாய், நோய் அல்ல. கண்ணாடியைக் காட்டினால் செவுளுக்கு அடியில் பெரிய தாடி விரிகிறதென்றால் அது பிளாகட் எனும் குட்டைத் துடுப்பு வகை ஆண். குட்டைத் துடுப்பைப் பார்த்துப் பெண் என்று விற்றுவிடுவார்கள். ஐந்து பெண்ணோடு அப்படி ஒன்று உள்ளே போனால் அவ்வளவுதான்.

இரண்டு வாரமாவது வேறு தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். இன்று இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று விட்டால் முதலில் வந்தவை முழுத் தொட்டிக்கும் பட்டா போட்டிருக்கும்.

முதல் சில நாள் செவுள் விரிப்பதும் சில நொடித் துரத்தலும் இயல்பு. உடலில் படுக்கைக் கோடு விழுந்து, நிறம் வெளுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று, சாப்பாட்டுக்கும் வராத மீன்தான் ஆபத்தில் இருக்கிறது. செங்குத்துக் கோடு வேறு. அது பெரும்பாலும் இனச்சேர்க்கைக்குத் தயார் என்ற அடையாளம். இங்கே எல்லோரும் அடி வாங்கிய மீனை மட்டும் வெளியே எடுப்பார்கள். எடுத்தால் அடுத்த பலவீனமான மீன் அந்த இடத்துக்கு வரும். துரத்துகிறவளை எடுங்கள். ஒரு வாரம் தனியே வைத்து, அதற்குள் கல்லையும் செடியையும் இடம் மாற்றிவிட்டுத் திரும்ப விடுங்கள். பழைய எல்லைகள் அழிந்திருக்கும், அவள் புதியவளாக நுழைவாள். மறுபடியும் அதே கதை என்றால் அவளுக்கு நிரந்தரமாகத் தனிவீடுதான். துடுப்பு கிழிந்த மீனுக்குத் தனிப் பெட்டியில் தினமும் சுத்தத் தண்ணீர், லிட்டருக்கு 1 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு. செடியுள்ள தொட்டியில் உப்பைக் கொட்டாதீர்கள்.

தீவனத்தை ஒரே இடத்தில் போட்டால் தலைவிக்கு மட்டும் தொப்பை விழும். இரண்டு மூன்று மூலைகளில் ஒரே நேரத்தில் தூவுங்கள். வாரம் 25–30 சதவீதம் தண்ணீர் மாற்றம், குளோரின் நீக்கிய பிறகு.

இவ்வளவும் செய்து நான்கைந்து மாதம் அமைதியாக ஓடிய தொட்டிகூட, மீன்கள் முதிர்ந்ததும் ஒரே வாரத்தில் உடையும். அதனால் ஐந்து மீன் வாங்குகிறவர் காற்றுக்குழாயோடு இரண்டு உதிரித் தொட்டிகளாவது முதல் நாளே தயாராக வைத்திருக்க வேண்டும். அதற்கு இடமில்லை, இருப்பது 1×1×1 அடித் தொட்டிதான் என்றால் அதில் ஒரே ஒரு பெண் ஃபைட்டரை விடுங்கள். 28 லிட்டரில் அவள் ராணி மாதிரி இருப்பாள். தீவனப் பெட்டியை எடுத்தாலே கண்ணாடியோரம் ஓடி வருவாள்.