கப்பல வேணும்னே குடுத்த அண்ணே

ஹட்டன் டவுன்ல முந்தி ஒரு கேம் கடை இருந்துச்சி, எங்க வயசு ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். சம்பளம் போட்ட வாரம் ஞாயித்துக்கெழம அம்மா சாமான் வாங்க எறங்குவாங்க, நானும் அண்ணனும் கூடவே தொத்திக்குவோம், அவங்க மாவு பருப்பு கருவாடுன்னு வாங்கி முடிக்கிற வரைக்கும் எங்களுக்கு அந்த கடதான். கையில ரெண்டு ஆட்டத்துக்குத்தான் சில்லறை. அதனால முக்காவாசி நேரம் அடுத்தவங்க ஆடுறத நின்னு பாத்ததுதான்.

அங்க ஒரு கலாகா மெஷின், கீழ நம்ம விண்கப்பல ஓட்டிக்கிட்டே மேல வரிசையா நிக்கிற பூச்சிங்கள சுடுற வீடியோ கேம். 1981ல ஜப்பான்ல நாம்கோ கம்பெனி போட்ட கேம், எங்க ஊருக்கு வந்து சேரும்போது ஸ்டிக் தேஞ்சி ஒரு பக்கம் சாஞ்சே கெடந்துச்சி. அதுல மேல நிக்கிற பெரிய பூச்சி பாதி தூரம் எறங்கி, வெளிச்சத்த விரிச்சி நம்ம கப்பல உறிஞ்சிக்கிட்டு போயிரும். அத கண்டாலே நாங்க ஓரமா ஓடிருவோம். ஒரு நாள் கொழுந்து லொறியில வேல செய்ற அண்ணே ஒருத்தரு வேணும்னே கப்பல கொண்டுபோயி அந்த வெளிச்சத்துலயே நிப்பாட்டுனாரு. ஐயோ போச்சேன்னு கத்துறோம், அவரு பேசவே இல்ல. அடுத்த கப்பல் வந்துச்சி. பூச்சி புடிச்ச கப்பலயும் இழுத்துக்கிட்டு கீழ பாய்ற வரைக்கும் காத்திருந்து, கப்பல்ல படாம பூச்சிய மட்டும் அடிச்சாரு. மொத அடில பச்ச நெறம் மாறும், ரெண்டாவது அடிலதான் சாகும். புடிபட்ட கப்பல் சுத்திக்கிட்டே எறங்கி வந்து பக்கத்துல ஒட்டிக்கிச்சி, இப்ப ரெண்டு கப்பல், ரெட்ட குண்டு! அன்னைக்கி ராத்திரி லயத்துல எனக்கு தூக்கமே இல்ல.

இத எங்களுக்கு ஒருத்தரும் வாயால சொல்லித் தரல.

பேக்மேனும் அப்பிடித்தான், 1980ல தோரு இவாதானி செஞ்ச கேம், சந்து சந்தா ஓடி புள்ளிய தின்னணும், பேய்ங்க தொரத்தும். நாலு பேயும் ஒரே மாதிரி தொரத்துதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அண்ணன்தான் பாத்து பாத்து கண்டுபுடிச்சாரு: செவப்பு பின்னாலயே வரும், ரோஸ் கலரு நாம போற பக்கம் முன்னால போயி மறிக்கும், ஆரஞ்சு கிட்ட வந்துட்டு திரும்பி ஓடும். வேணும்னேதான் அப்பிடி செஞ்சாங்கன்னு எத்தனையோ வருஷம் கழிச்சி படிச்சப்ப அண்ணனுக்கு உடனே கோல் எடுத்தேன்.

இப்ப மகன் போன்ல ஆடுறான். தொறந்த ஒடனே அம்புக்குறி போட்டு இங்க அமுக்கு அங்க அமுக்குன்னு அதுவே சொல்லுது, தோத்தா விளம்பரம் பாருங்குது, காசு கட்டுங்குது. உண்மையாவே கோவம் வருது எனக்கு. ஒரு புள்ள தானா கண்டுபுடிக்கிற சந்தோசத்த எதுக்கு புடுங்கணும்? அந்த மெஷினும் காசு தின்னதுதான், ஆனா நின்னு பாக்குறவங்கிட்ட ஒரு சதம் கேக்கல.

ஹட்டன், தலவாக்கல, பண்டாரவள பக்கம் யார்கிட்டயாச்சும் ஓடுற நெலமைல கலாகா மெஷின் இருந்தா சொல்லுங்க. அண்ணன் தீவாளிக்கி கொழும்புல இருந்து வருவாரு, மகனையும் கூட்டிக்கிட்டு மூணு பேரா வந்துர்றோம். மொத ஆட்டத்துல அவன் கையில ஸ்டிக்க குடுக்க மாட்டேன், பக்கத்துல நின்னு பாக்கட்டும்.