அது வெள்ளைச் சுறா இல்லைங்க

எந்த வீடியோன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு நாளா எல்லார் சுவரிலும் அதுதான் ஓடுது. வீடியோ போடுற தம்பி ஒருத்தர் தென்னாப்பிரிக்கக் கடலில், சுறா பார்க்கக் கம்பிக் கூண்டுக்குள் இறங்கி எடுத்தது. "ஆளைத் தின்னும் பெரிய வெள்ளைச் சுறாவுடன் நேருக்கு நேர்"னு சிவப்பு எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் வாயைப் பிளந்த தம்பியின் முகம். அது வெள்ளைச் சுறா இல்லை தம்பின்னு மரியாதையாத்தான் ஒரு கமெண்ட் போட்டேன். "பூமர் அங்கிள், வயிறு எரியுதா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அதுக்குத் தம்பியே ஹார்ட் விட்டார். சாயங்காலம் பார்த்தா என் கமெண்ட்டைக் காணோம்.

இது என் சுவர், இங்கே யாரும் அழிக்க முடியாது. அது வெள்ளைச் சுறா இல்லை.

கூண்டுக் கம்பியை உரசிட்டுத் திரும்புற இடத்தில் வீடியோவை நிறுத்தி வாலைப் பாருங்க. வெள்ளைச் சுறாவுக்கு வால் பிறை மாதிரி, மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கும். இதில் மேல்பாதி நீளம், கீழ்பாதி குட்டை. முதுகு செம்புப் பாத்திரம் நிறம். இது செம்புச் சுறா, வேற இனம். சுறா பார்க்கக் கூட்டிட்டுப் போற படகுக்காரங்க பிரான்ஸின்னு கூப்பிடுவாங்க. நல்ல அழகான சுறா. அதை அதோட பேரிலேயே காட்டியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

"எண்டர்டெயின்மெண்ட்தானே, எதுக்கு இவ்வளவு சீரியஸ்?" ஏன்னா வெள்ளைச் சுறா அங்கே இல்லாமப் போனதுதான் விஷயமே. கேப் டவுன் பக்கம் கான்ஸ்பாய்னு ஒரு கடலோர ஊர், ஒரு காலத்தில் அதுக்கே தலைநகரம். அதுக்கு எதிரே டையர் தீவுப் பக்கம் ஆயிரக்கணக்கில் சீல், அதாவது கடல்நாய், கிடக்கும், அதைத் தின்ன சுறா வரும், சுறாவைப் பார்க்க உலகமே வரும். 2017இல் கரையில் சுறாக்கள் செத்து ஒதுங்க ஆரம்பிச்சது. அறுத்துப் பார்த்தா கல்லீரலைக் காணோம். போர்ட், ஸ்டார்போர்ட்னு பேர் வெச்ச ரெண்டு ஆண் ஓர்காக்கள் (கொலைகாரத் திமிங்கிலம்னு சொல்வாங்களே, அது), ஒண்ணுக்கு முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கும், இன்னொண்ணுக்கு வலப்பக்கம். அதுங்க வேலைதான். தப்பிச்ச சுறாக்கள் அந்தப் பக்கமே தலைவைக்கலை. ஓர்கா மட்டும் காரணமில்லை, மனுஷனும்தான்னு சில ஆய்வாளர்கள் சண்டை போடுறாங்க. டர்பன் பக்கம் 1952இலிருந்து குளிக்கிறவங்களுக்குப் பாதுகாப்புன்னு வலை போட்டு சுறாவைக் கொன்னுட்டு இருக்காங்க. வெள்ளைச் சுறா சாப்பிடுற சின்னச் சுறாக்களை வேற பிடிச்சு ஆஸ்திரேலியாவுக்கு வறுவலுக்கு அனுப்புறாங்க. இத்தனைக்கும் 1991லேயே, உலகத்திலேயே முதல் நாடா, வெள்ளைச் சுறாவைப் பிடிக்கத் தடை போட்ட நாடு தென்னாப்பிரிக்கா.

இன்னைக்கு அங்கே வெள்ளைச் சுறாவைப் பார்க்கிறது குதிரைக்கொம்பு. தம்பி வீடியோவைப் பார்க்கிற லட்சம் பேருக்கு "ஓ, நிறைய இருக்கு போல"ன்னு தோணும். என் எரிச்சல் அதுதான், வயித்தெரிச்சல் இல்லை.

நானும் போயிருக்கேன். கேப் டவுனில் வேலை பார்க்கிறவன், ஊரிலிருந்து வந்த மச்சானைக் கூட்டிட்டுப் போனேன். சுறாவை இழுக்கக் கடலில் ஊத்துற மத்தி எண்ணெய் வாடையில் மச்சான் கூண்டில் இறங்குறதுக்கு முன்னாடியே காலை இட்லியைக் கடலுக்குக் கொடுத்துட்டார். தண்ணி ஐஸ். ரப்பர் சட்டைக்குள் முதுகு வழியா அது இறங்கும்போது சுறாவெல்லாம் மறந்துடும். சிலிண்டர் கிடையாது, சூரைத் தலையைக் கயித்தில் கட்டி இழுத்துட்டே மேலேயிருந்து "டௌன்! டௌன்!"னு கத்துவாங்க, மூச்சைப் பிடிச்சுட்டு முங்கணும். எங்களுக்கும் பிரான்ஸிதான் வந்தது. ஆனா கரையிலேயே, லைஃப் ஜாக்கெட் போடுறதுக்கு முன்னாடியே, "இப்போ வெள்ளைச் சுறா வர்றதில்லை, பிரான்ஸிதான், இஷ்டமிருந்தா ஏறுங்க"ன்னு சொல்லிட்டாங்க. தம்பிகிட்டயும் சொல்லாமலா இருந்திருப்பாங்க? எடிட்டிங்கில் அதை மட்டும் வெட்டத் தெரிஞ்சிருக்கு.

"மீன் வாடை காட்டி சுறாவை மனுஷன்கிட்ட இழுக்கிறதே தப்பு, நீயும் காசு கொடுத்துப் போனவன்தானே?" நியாயமான கேள்வி. மெக்சிகோ 2023இல் குவாதலூப் தீவில் இதை மொத்தமா நிறுத்திடுச்சு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

"உங்கம்மா செஞ்ச சுறாப்புட்டு தின்னவன் சுறாவுக்கு அழுறான் பாரு"ன்னு ஒருத்தர். ஆமா, தின்னேன். அது பால்சுறா. என் மனைவிக்குப் பிரசவமானப்போ பால் ஊறணும்னு அம்மா ஊரிலிருந்து வந்து, பாஷை தெரியாம கேப் டவுனில் மீன்கடை மீன்கடையா ஏறி இறங்கினாங்க. இப்போ அம்மா இல்லை. ஒரு சுறாவோட வாலைப் பத்திப் பேசினா எங்கம்மா எதுக்குங்க நடுவில்? அதுக்கும் சிரிப்புப் பொம்மை நாற்பது. தம்பி அந்தக் கமெண்ட்டை அழிக்கலை, கவனிச்சுக்குங்க. என்னோடதைத்தான் அழிச்சார்.

என் ஆபீஸில் ரெண்டு பேர் அந்த வீடியோ பார்த்துட்டு டிசம்பருக்கு புக் பண்ணியிருக்காங்க. போங்க, தாராளமாப் போங்க, குமட்டலுக்கு மாத்திரை போட்டுட்டுப் போங்க. வெள்ளைச் சுறா வரலைன்னு அந்தப் படகுக்காரங்களுக்கு மட்டும் ஒரு ஸ்டார் போட்டுடாதீங்க. அவங்க உங்ககிட்ட பொய் சொல்லலை.