சர்க்கரை கட்டி தட்டினால் கர்ப்பமா?

பாபநாசம், திருவையாறு பக்கம் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. காலைச் சிறுநீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, அது கரையாமல் கட்டி தட்டினால் கர்ப்பமாம். கூடவே, மாதவிலக்கான 14ஆம் நாள் மட்டும்தான் கரு தங்குமாம், மற்ற நாளெல்லாம் பயமில்லையாம். இரண்டுமே தவறு.

சர்க்கரை கரைவது அதன் அளவையும் சூட்டையும் பொறுத்தது. நிறையப் போட்டுக் கலக்காமல் விட்டால் யாருக்கும்தான் அடியில் தங்கும், வீட்டுக்காரருக்கும்கூட! கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி.க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. அந்த ஹார்மோனைக் காட்டுவது பரிசோதனை அட்டைதான். நாள் தள்ளிப்போன பிறகு பார்த்தால் நம்பலாம்.

14ஆம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்குச் சொன்ன சராசரி. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்கு 21ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளியாகலாம். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும், அதனால் முந்தைய நாட்களிலும் கரு தங்கும். வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று இழுபடுவது கருமுட்டை வெளியாகும் நேரம் நெருங்குவதன் அடையாளம். காலையில் எழுந்ததும் பார்க்கும் உடல் வெப்பம் சற்றுக் கூடுவதோ கருமுட்டை வெளியான பிறகுதான். வாந்தி, மார்பக வலியை மட்டும் வைத்தும் கர்ப்பம் என்று முடிவு கட்ட முடியாது.

சந்தேகமிருந்தால் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் போன் போடலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.